ஏறிய நீர், மறைந்த குழாய்: ஜார்ஜியன் விரிகுடாவில் ஒரு படகுப் பாதை

ஹியூரான் ஏரியின் வடகிழக்குக் கிளையான ஜார்ஜியன் விரிகுடாவில், ஒன்டாரியோ மாகாணத்தில், 2014 கோடையில் ஒரு குடும்பப் படகு நீருக்கடியில் மறைந்திருந்த இரும்புக் குழாயில் மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. ஒரு மூதாட்டியின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது, மோட்டாரின் கீழ்ப்பகுதி உடைந்தது. செய்தித்தாளில் வரும் அளவுக்குப் பெரிய விபத்து இல்லைதான். ஆனால் அது நடந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். நீர் வற்றிக் கிடந்த பதினான்கு ஆண்டுகளில் அந்தப் பாதையில் யாருக்கும் காயம் பட்டதில்லை. நீர் திரும்பி வந்து எல்லோரும் நிம்மதியான முதல் கோடையில் இது நடந்தது.

அந்தப் பாதையைப் பயன்படுத்தும் படகுக்காரர் சங்கத்தில் நானும் ஒருவன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, அவர்களை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்து இதை எழுதுகிறேன்.

பின்னணி: மதகு இல்லாத ஏரி

மிச்சிகனும் ஹியூரானும் பெயரளவில் இரண்டு ஏரிகள். மக்கினாக் நீரிணை இரண்டையும் அகலமாக இணைப்பதால் நீர்மட்டம் ஒன்றுதான், கணக்கிலும் ஒரே ஏரிதான். மேலே உள்ள சுப்பீரியர் ஏரியின் வாயில் மதகுகள் உண்டு. இந்த ஏரியின் நீர் வெளியேறும் செயின்ட் கிளேர் ஆற்றில் அப்படி எதுவும் இல்லை. மழை, பனி, ஆவியாதல், மேலிருந்து வரும் வரத்து ஆகியவைதான் மட்டத்தைத் தீர்மானிக்கின்றன. அடுத்த கோடையில் நீர் இவ்வளவு இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

ஆண்டுக்குள் ஏற்ற இறக்கம் சுமார் 30 செ.மீ. குளிர்காலத்தில் தாழ்ந்து, கோடை நடுவில் உச்சத்துக்கு வரும். ஆண்டுகளைத் தாண்டிய ஏற்ற இறக்கம் அதைவிடப் பெரியது. 1918 முதல் வைத்திருக்கும் பதிவில் மிக உயர்ந்த மாதச் சராசரி 1986 அக்டோபரில் கடல்மட்டத்திலிருந்து 177.50 மீட்டர். மிகத் தாழ்ந்தது 2013 ஜனவரியில் 175.57 மீட்டர். இடைவெளி இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு மீட்டர் ஆழம் கேட்கும் குடும்பப் படகுக்கு இதுதான் எல்லாமே.

வரைபடத்தைப் படிக்கும் முறையையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் வரும் முடிவுகளெல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. கனடிய நீர்வரைபடங்களில் ஹியூரான் ஏரிக்கான ஆழம் 176.0 மீட்டர் என்ற அடிப்படை மட்டத்திலிருந்து எழுதப்படுகிறது. வரைபடத்தில் 0.9 மீட்டர் என்று போட்டிருக்கும் திட்டில், 2013 ஜனவரியில் இருந்த ஆழம் 0.47 மீட்டர்தான். நீர் 176.4-க்கு வந்தால் அதே திட்டில் 1.3 மீட்டர் இருக்கும். கரையோர ஊர்களான மிட்லண்டிலும் பாரி சவுண்டிலும் நிலையான அளவிகள் இருக்கின்றன, அவற்றின் அளவை யாரும் பார்த்துக்கொள்ளலாம். அப்படிப் பார்ப்பவர்கள் குறைவு. கரைப்பாறையில் ஈரக்கோடு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் பெரும்பாலானோர் பழக்கம்.

எங்கள் பாதை ஓர் உள்விரிகுடாவுக்குள் போகும் இடுக்கு. இரண்டு பக்கமும் கனடியப் பாறைக்கேடயம் எனும் பழம்பாறைப் பரப்பின் வழுவழுப்பான கருங்கல். நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. பாதிப் பேரின் காட்டேஜுக்குச் (கோடை வீட்டுக்குச்) சாலை கிடையாது, படகு ஒன்றே வழி.

தாழ்ந்த ஆண்டுகள்: 1999 முதல் 2012 வரை

தொண்ணூறுகளின் இறுதியில் நீர் சட்டென்று இறங்கியது. 1999-லிருந்து நீண்டகாலச் சராசரிக்குக் கீழேயே கிடந்தது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மக்கள் காத்திருந்தார்கள். அப்புறம் இதுதான் இனி ஏரி என்று முடிவு செய்து, அதற்கேற்ப வாழத் தொடங்கினார்கள்.

டாக்குகள் (படகு கட்டும் மேடைகள்) நீரைத் துரத்திக்கொண்டு நீண்டன. கல் நிரப்பிய மரக்கூடுகள்மேல் நின்ற பழைய டாக்கின் நுனியிலிருந்து, இரும்புக் குழாய்களைச் சேற்றில் அடித்து, தாழ்வாகப் புதிய மேடை போட்டார்கள். மின்கம்பியும் அதோடு நீண்டது. படகு ஏற்றத்துக்கான மோட்டாருக்கும் இரவு விளக்குக்கும் மின்சாரம் வேண்டுமே. பாதையில் தலைகாட்டிய பாறைகளுக்கு வெள்ளைச் சாயம் அடித்தார்கள். நீருக்குச் சற்று அடியில் இருந்த திட்டுகளின் ஓரத்தில் குழாய் நட்டு, மேலே காலி பிளீச் பாட்டிலைக் கவிழ்த்தார்கள். யார் நட்டது, எங்கே நட்டது என்று எந்தப் பதிவும் இல்லை. தேவைப்படவும் இல்லை, ஏனென்றால் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த ஆண்டுகளில் யாருக்கும் அடிபடாததற்கு அந்த பாட்டில்களும் சாயமும்தான் காரணம். ஆபத்து கண்முன்னே நின்றது, அதனால் எல்லோரும் மெதுவாகப் போனார்கள்.

நீர் ஏறிய விதம்: 2013 முதல் 2014 வசந்தம் வரை

2013-இல் நல்ல மழை. அதன்பின் வந்த குளிர்காலம் கடுமையானது. 2014 மார்ச் தொடக்கத்தில், ஹியூரான் உள்ளிட்ட ஐந்து பேரேரிகளின் பரப்பில் 92 விழுக்காட்டுக்கும் மேல் பனிக்கட்டி மூடியிருந்தது. ஏரி மிக அதிகமாக ஆவியாவது கோடையில் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத் தொடக்கத்திலும், வெதுவெதுப்பான நீர்மேல் குளிர்ந்த வறண்ட காற்று வீசும்போதுதான் அதிகம். பனிக்கட்டி மூடினால் அது தடைபடும். கூடவே பனி உருகிய நீரும் சேர்ந்தது. 2013 ஜனவரிக்கும் 2014 இறுதிக்கும் இடையில் மட்டம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஏறியது. பதிவுகளில் இரண்டு ஆண்டில் இவ்வளவு ஏற்றம் அதுவரை இல்லை.

2014 மே மாதம் காட்டேஜைத் திறக்க வந்தவர்கள் கண்டது மகிழ்ச்சியான காட்சிதான். பழைய டாக்குகளின் அடியில் மறுபடி நீர். சேறாகக் கிடந்த இடங்களில் படகு நுழைந்தது. அதோடு வேறு சிலவும் கண்ணில் பட்டன. தாழ்ந்த ஆண்டுகளில் காய்ந்த கரையில் ஒதுங்கிக் கிடந்த மரக்கட்டைகளும் பழைய பலகைகளும் மிதக்கத் தொடங்கியிருந்தன. வெள்ளைச் சாயப் பாறைகளில் பாதி காணவில்லை. பாட்டில்களில் ஒன்றிரண்டு மட்டுமே எஞ்சியிருந்தன, மற்றவற்றைப் பனிக்கட்டி பிடுங்கிப் போயிருந்தது. நடமாட்டம் அதிகமாகி, வேகமும் கூடியது.

மிதந்த கட்டைகளைப் பற்றிச் சங்கத்தில் எல்லோரும் பேசினார்கள். காணாமல் போன பாட்டில்களுக்குக் கீழே குழாய் இன்னும் நிற்கிறது என்பதை ஒரே ஒருவர்தான் எழுப்பினார். 1964-இன் தாழ்நிலையையும் அதன்பின் வந்த ஏற்றத்தையும் பார்த்த முதியவர் அவர். கோடைக் கூட்டத்தில் பேசலாம் என்று அது தள்ளிவைக்கப்பட்டது. கூட்டம் ஆகஸ்டில்.

மோதல்: 2014 ஜூலை

தெளிந்த வானம், மெல்லிய காற்று, பிற்பகல். ஆறு மீட்டர் நீளப் படகில் ஐந்து பேர். ஓட்டியவர் நாற்பது வயதுக்காரர், படகோட்டும் சான்று உள்ளவர், அந்தப் பாதையில் பல ஆண்டு பழக்கம் உள்ளவர். குடிக்கவில்லை. ஜிபிஎஸ் திரையில் வரைபடமும் ஓடிக்கொண்டிருந்தது.

முன்பெல்லாம் அவர் இடுக்கின் நட்டநடுவில் ஊர்ந்துதான் போவார். அன்று எதிரே ஒரு படகு வந்தது. நீர் நிறைய இருக்கிறதே என்று வலப்பக்கமாக ஒதுங்கினார், வேகத்தைக் குறைக்கவில்லை. வரைபடம் அந்த இடத்தில் காட்டிய ஆழமும் போதுமானதாகவே இருந்தது. கணக்கிலும் பிழை இல்லை. ஆனால் யாரோ தனிப்பட்ட முறையில் அடித்த குழாய் எந்த வரைபடத்திலும் ஏறாது.

2012 இலையுதிர் காலத்தில் முழங்கால் உயரத்துக்கு வெளியே நின்ற குழாய் அது. இப்போது அதன் நுனி நீருக்கு ஒரு சாண் கீழே. மோட்டாரின் கால்பகுதி அதில் இடித்து மேலே தூக்கியடித்தது, படகு சட்டென்று திரும்பியது. முன்னிருக்கையில் இருந்த மூதாட்டி பக்கவாட்டில் விழுந்து, கையை ஊன்றினார். இரண்டு சிறுவர்களும் உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தார்கள், இருவரும் படகுக்குள்ளேயே இருந்தார்கள். எதிரே வந்த படகே அவர்களைக் கரைக்கு இழுத்து வந்தது.

நீர் இன்னும் அரை மீட்டர் குறைவாக இருந்திருந்தால் குழாய் தெரிந்திருக்கும். அரை மீட்டர் கூடுதலாக இருந்திருந்தால் படகு அதன்மேல் தொடாமல் போயிருக்கும். பாதி ஏறிய நீர்தான் மிக மோசமான நீர். இந்த நிகழ்வில் நான் முதன்மையாகக் கருதுவது இதைத்தான். மீட்சி என்பது தாழ்விலிருந்து உயர்வுக்கு ஒரே தாவலில் போவதில்லை. இடையில் ஒவ்வொரு பொருளும் சுழலியின் (படகைத் தள்ளும் விசிறியின்) ஆழத்தைக் கடந்துதான் போகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆகஸ்ட் வரை காத்திராமல் அந்த வார இறுதியிலேயே கூடினார்கள். பாதையை மூட வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். படகு மட்டுமே வழியாக உள்ள வீடுகளை வைத்துக்கொண்டு அது முடியாது, மூடும் அதிகாரமும் சங்கத்துக்குக் கிடையாது. ஒன்டாரியோவில் கரையிலிருந்து 30 மீட்டருக்குள் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. இடுக்கின் பெரும்பகுதி அந்த வரம்புக்குள் வருகிறது. முழுப்பாதைக்கும் அதையே எல்லோரும் கடைப்பிடிப்பது என்று ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த கேள்வி சூடானது: குழாய் யாருடையது? காயம்பட்ட குடும்பம் கேட்பதில் நியாயம் இருந்தது. ஆனால் பேசப் பேச ஒன்று தெளிவாயிற்று. அந்த அறையில் இருந்தவர்களில் குறைந்தது பத்துப் பேராவது ஏதோ ஒரு குழாயை எங்கேயோ அடித்தவர்கள். ஒருவரைக் குற்றவாளியாக்கினால் மற்ற ஒன்பது பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள், அவர்கள் அடித்த குழாய்கள் நீருக்கடியிலேயே இருக்கும். ஆகவே, இடம் சொல்பவரிடம் சங்கம் எதுவும் கேட்காது, அகற்றும் செலவைப் பொதுநிதி ஏற்கும் என்று முடிவானது. காயம்பட்ட குடும்பத்தின் காப்பீட்டு விவகாரம் தனியாக நடந்தது. இந்த முடிவை அவர்கள் ஏற்றுக்கொண்டது பெரிய மனம். இரண்டு வாரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட இடங்கள் பட்டியலில் வந்தன.

நினைவை மட்டும் நம்ப முடியாது என்பதால் பாதையைத் துழாவினார்கள். நீர்வரைபடத் துறையினர் ஒரு காலத்தில் பயன்படுத்திய முறைதான்: துடுப்புப் படகுகள் இரண்டுக்கு இடையே ஒரு நீளக் கயிறு, அதில் இடையிடையே எடையும் சிறு மிதவைகளும் கட்டி, ஒன்றரை மீட்டர் ஆழத்தில் கிடைமட்டமாக நிற்கும்படி இழுத்துக்கொண்டு மெதுவாகப் போவது. கயிறு மாட்டினால் நின்று, முகக்கண்ணாடி வைத்துக் கீழே பார்ப்பது. படகின் ஆழமானி இதற்கு உதவவில்லை. மெல்லிய செங்குத்துக் குழாயை அது பெரும்பாலும் காட்டாது. பட்டியலில் இல்லாத நான்கு பொருள்களைக் கயிறு கண்டுபிடித்தது.

அகற்றும் விதத்திலும் வாதம் எழுந்தது. மலிவான வழி, நீருக்கு ஒன்றரை மீட்டர் கீழே வெட்டிவிடுவது. முதியவர்தான் அதைத் தடுத்தார். நீர் மறுபடி இறங்கும், இறங்கும்போது வெட்டிய அடிக்கட்டை மறுபடி சுழலியின் ஆழத்துக்கு வரும், அன்றைக்கு அதை நினைவில் வைத்திருக்க யார் இருப்பார்கள் என்று கேட்டார். ஆகவே வேரோடு பிடுங்குவது என்று தீர்மானமாயிற்று. எளிதானவற்றை இலையுதிர் காலத்தில் வேலைப்படகின் வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்து இழுத்தார்கள். ஆழமாக இறங்கியவற்றைக் குளிர்காலத்தில் பனிக்கட்டி கனமான பின், அதன்மேல் முக்காலி நிறுத்தி, துளை வழியே செங்குத்தாக இழுத்தார்கள். வசந்தத்தில் எதையும் தொடவில்லை, அது மீன் முட்டையிடும் காலம், நீருக்குள் வேலை செய்யக் கட்டுப்பாடு உண்டு.

எஞ்சிய இயற்கைப் பாறைகளுக்கு முறையான தனியார் மிதவைகள் போடப்பட்டன. கனடாவின் தனியார் மிதவை விதிகளின்படி நிறம், அளவு, உரிமையாளரின் பெயர், தொடர்பு விவரம் எல்லாம் இருக்க வேண்டும். எஞ்சிய பழைய பாட்டில்கள் அத்தனையும் அகற்றப்பட்டன. உள்ளே வரும்போது சிவப்பு வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள முறை. ஆனால் கையில் கிடைத்த நிறத்தில் நட்ட பாட்டில்களில் சில அதற்கு நேர்மாறான பக்கத்தில் இருந்தன. உள்ளூர்க்காரருக்கு அது தெரியும், விருந்தாளிக்குத் தெரியாது.

தேடாமல் கிடைத்தது: டாக்கில் மின்சாரம்

குழாய்களைத் தேடிப் போனபோது கண்ணில் பட்ட இன்னொன்று, மோதலைவிடப் பெரிய ஆபத்து என்று இன்றும் நினைக்கிறேன்.

தாழ்ந்த ஆண்டுகளில் போட்ட தாழ்வான மேடைகளில் மின்பெட்டிகளும் தாழ்வாகவே பொருத்தப்பட்டிருந்தன. ஒரு டாக்கில் இணைப்புப் பெட்டி நீருக்கு ஓர் உள்ளங்கை உயரத்தில் இருந்தது. படகு ஒன்று கடந்தால் அலை அதை நனைத்தது. அதே டாக்கின் ஏணியில் பிள்ளைகள் ஏறி இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

நன்னீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உப்புச்சத்து உள்ள மனித உடல் அதைவிட நன்றாகக் கடத்தும். அதனால் ஏரி நீரில் மின்சாரம் கசிந்தால், நீந்துபவரின் உடலே அதற்குச் சுலபமான வழியாகிவிடும். சில பத்து மில்லி ஆம்பியர் போதும், தசை இறுகி நீந்த முடியாமல் போகும். மூழ்கியவர் உடலில் காயத்தின் அடையாளம்கூட இருக்காது. காப்பாற்றக் குதிப்பவரும் அதே நீரில்தான் குதிக்கிறார். டாக்கருகே யாராவது தத்தளித்தால் முதலில் மின்சாரத்தை அணைக்க வேண்டும், அப்புறம் கழியோ மிதவையோ நீட்ட வேண்டும், நீரில் இறங்கக்கூடாது.

அன்று மாலையே எல்லா டாக்குகளின் மின்சாரமும் கரையிலேயே துண்டிக்கப்பட்டது. உரிமம் பெற்ற மின்பணியாளர் பார்த்து, கசிவு கண்டால் தானே அணையும் சுவிட்ச் போட்டு, பெட்டிகளை உயர்த்திய பிறகே திரும்ப இணைப்பது என்று முடிவு. கோடை நடுவில் மின்பணியாளர் கிடைக்கவில்லை, சிலர் செப்டம்பர் வரை இருட்டில் இருந்தார்கள். முணுமுணுப்பு இருந்தது. ஆனாலும் யாரும் மீறவில்லை.

பழைய மரக்கூடுகளையும் அப்போதே சோதித்தார்கள். எப்போதும் நீருக்கடியில் இருக்கும் மரம் நெடுங்காலம் கெடாது. பதினான்கு ஆண்டு காற்றில் வெளிப்பட்டு நின்ற மேல்பகுதிதான் உளுத்திருந்தது. நீர் திரும்பியதும் அது வெளியே தெரியவில்லை, வழக்கம்போலப் படகைக் கட்டினால் தாங்கும் என்று தோன்றியது. மூன்று டாக்குகளில் மேல் வரிசை மரம் முழுவதும் மாற்றப்பட்டது.

தொடர்ந்து நடந்தது

2015 வசந்தத்துக்குள் பட்டியலில் இருந்தவற்றில் இரண்டைத் தவிர எல்லாம் அகற்றப்பட்டன. அந்த இரண்டையும் கயிறும் கண்டுபிடிக்கவில்லை, சொன்னவருக்கும் இடம் உறுதியாக நினைவில்லை. மூதாட்டியின் கை குணமாயிற்று. அவர் அடுத்த கோடையிலும் வந்தார், நடு இருக்கையில் உட்கார்ந்தார்.

நீர் நின்றுவிடவில்லை. தொடர்ந்து ஏறி, 2020-இல் பல மாதங்களில் அந்தந்த மாதத்துக்கான பதிவுகளை முறியடித்தது. 2014-இல் உயர்த்திய மின்பெட்டிகள் சில அப்போது மறுபடி நீரை நெருங்கின. அன்றைய நீரைப் பார்த்து, இவ்வளவு போதும் என்று வைத்த உயரம் அது. 1986-இன் உச்சத்தை அளவாகக் கொண்டு உயர்த்தியவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நிலையான டாக்குகளில் பல மூழ்கின. மிதக்கும் டாக்குக்கு மாறியவர்கள் சரிவுப்பலகையை மட்டும் மாற்றி அமைத்தார்கள். படகு எழுப்பும் அலையே கரையை அரிக்கத் தொடங்கியதால், 2014-இல் மோதலுக்காக ஒப்புக்கொண்ட வேகக் கட்டுப்பாடு வேறொரு காரணத்துக்காக மறுபடி பேசப்பட்டது. அதன்பின் மட்டம் இறங்கவும் தொடங்கியது.

மாற்றிக்கொண்டவை, மாற வேண்டியவை

சங்கத்தில் இப்போது ஒரு பதிவேடு இருக்கிறது. நீருக்குள் எதை நட்டாலும் அதன் நுனி உயரம் 176.0 மீட்டர் என்ற அடிப்படையிலிருந்து எழுதப்படுகிறது. "நீருக்கு மேலே இரண்டடி" என்று எழுதினால் அடுத்த ஆண்டு அந்தக் குறிப்புக்குப் பொருள் கிடையாது. படகு இறக்கும் இடத்தில், அதே அளவில் கோடு போட்ட ஒரு பலகை நிற்கிறது. காற்று ஒரே திசையில் பலமாக அடித்தால் சில மணி நேரத்திலேயே நீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் என்பதால், வார அறிக்கையை மட்டும் பார்த்துவிட்டுப் புறப்பட வேண்டாம் என்பதும் அதில் எழுதியிருக்கிறது.

முந்தைய ஆண்டைவிட மட்டம் 20 செ.மீ.க்கு மேல் மாறினால், ஏறினாலும் இறங்கினாலும், சீசன் தொடங்கும் முன் கயிறு இழுக்க வேண்டும் என்பது விதி. இறங்கும் ஆண்டுகளில் இதற்கு ஆள் கிடைப்பது கடினமாகவே இருக்கிறது. 2014-ஐ அறியாத புதிய குடும்பங்கள் வந்துவிட்டன.

தாழ்ந்த காலத்தில் தற்காலிகமாக நடுபவர் முன்பணம் கட்ட வேண்டும், பிடுங்கிய பின் திரும்பப் பெறலாம் என்ற யோசனை இரண்டு முறை வாக்கெடுப்பில் தோற்றது. நான் அதற்கு ஆதரவாகவே வாக்களித்தேன், இனியும் கொண்டுவருவேன். நீர் குறையும்போது அடிப்பவருக்கு அவசரம் இருக்கிறது, நீர் ஏறும்போது பிடுங்க யாருக்கும் அவசரம் இருப்பதில்லை.

காட்டேஜ் கைமாறும்போது பதிவேட்டில் அந்த வீட்டுக்குரிய பக்கத்தின் நகலை வாங்குபவரிடம் கொடுக்கிறார்கள். கண்டுபிடிக்க முடியாத அந்த இரண்டு குழாய்களும் தோராயமான இடத்தோடு எல்லாப் பக்கங்களிலும் குறிக்கப்பட்டிருக்கின்றன. மட்டம் 176.0-க்குக் கீழே வரும் முதல் ஆண்டில் அவற்றைத் தேடுவது என்று தீர்மானம் இருக்கிறது.